தாராவித் தரைக்கு அடியில் ஒரு வீடியோ கேம்: நிகழ்வு ஆய்வு

சென்ற ஏப்ரலில், மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு ஒன்றின் தரையைப் பெயர்த்தார்கள். குழாய் எங்கோ உடைந்து, ஈரம் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. முதல் நாள் டைல்ஸ் வந்தது. இரண்டாம் நாள் மேஸ்திரியின் கடப்பாறை பிளாஸ்டிக்கில் பட்டு வழுக்கியது.

வீட்டுக்காரர் எனக்குப் பழக்கம். லாமிங்டன் ரோட்டில் போர்டு ரிப்பேர் மேசை போட்டு 22 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர் வீட்டு டி.வி. இரண்டு முறை என் மேசைக்கு வந்திருக்கிறது. போன் செய்தார். "அண்ணே, நாங்க சின்னப் பிள்ளையில ஆடுன வீடியோ கேம் தரைக்குள்ள இருந்து வந்திருக்கு. சேறு அப்பிக் கிடக்கு. தூக்கிப் போட்டுரவா?"

"கையே வைக்காதீங்க. அப்படியே கிடக்கட்டும், வர்றேன்."

அவ்வளவு பதற்றம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. என் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பில் எங்களைச் சாத்தனூர் கல்மரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அடிமரம், கல்லாகி ஓடையோரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்தது என்று வாத்தியார் சொன்னார். தொட்டால் கல், பார்த்தால் மரம், கணு கூடத் தெரியும். அதைத் தொட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான்: என்ன தங்கும், என்ன போகும்? பிறகு என் பிழைப்பே பழைய போர்டுகளோடு என்று ஆனது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது அதே கேள்விதான் வருகிறது. ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் இதைத் தோண்டி எடுத்தால் இதிலிருந்து அவருக்கு என்ன தெரியும்? கதையில் கேட்பது போலத்தான் இதுவரை கேட்டுவந்தேன். இந்த முறை மண்ணுக்குள்ளேயே கிடந்த ஒன்று கிடைத்தது. அதனால்தான் ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் தப்பாகக் கணித்த இடங்களும் இதில் இருக்கின்றன.

தரையின் அடுக்குகள்

போனதும் குழியின் ஓரச் சுவரைத் தட்டிச் சீராக்கி, அடுக்குகளை எண்ணினேன். மேலே 2006-இல் போட்ட டைல்ஸ், அதற்குக் கீழே இரண்டு விரற்கடை சிமெண்டு. அடுத்து ஒன்றரை அடிக்கு உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, மார்பிள் சில்லு. அதற்கடியில் ஒரு சாண் கனத்துக்குக் கறுத்த களிமண். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய ஷாஹாபாத் கல் தரை.

இந்த அடுக்குகளை வாசிக்கத் தாராவிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு நிரம்பி ஊருக்குள் வந்தது. இந்த வீட்டில் தண்ணீர் கழுத்தளவு நின்றது என்றார் வீட்டுக்காரரின் அம்மா. தண்ணீர் வடிந்த பிறகு கிடந்த சேற்றை அள்ள ஆளும் இல்லை, கொட்ட இடமும் இல்லை. அடுத்த மழைக்குள் தரையை உயர்த்தியாக வேண்டும். ஆகவே சேற்றின் மேலேயே இடிபாட்டைக் கொட்டி, தட்டி, சிமெண்டு போட்டு, டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படி உயர்ந்தவைதான். உள்ளே நுழைய ஒருகாலத்தில் படி இறங்கியவர்கள் இன்று படி ஏறுகிறார்கள்.

கறுத்த களிமண்ணில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது, ஆண்டு 2003. வீட்டார் சொன்ன கணக்கும் மண் சொன்ன கணக்கும் ஒத்துப்போனது. நாணயம் அச்சடித்த பிறகுதானே அது சேற்றில் விழுந்திருக்க முடியும்!

புதைபடிவம் உண்டாக முதல் தேவை சட்டென்று மூடப்படுவது. வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் எலும்பு சில வருடங்களில் பொடியாகும். வெள்ளச் சேறு ஒரே நாளில் மூடிவிட்டால் காற்றுப் படாமல் தங்கும். மும்பை நின்றுகொண்டிருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில். அதில் உயிர்த்தடம் கிடைப்பதே அரிது. ஆனால் வொர்லிக் குன்றில், ஒரு குழம்படுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏரிச் சேறு படிந்த மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதில் சின்னஞ்சிறு தவளைகள் கல்லாகிக் கிடந்தன. 1847-இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அவற்றை விவரித்து எழுதினார். இன்று அதன் பெயர் இண்டோபட்ராக்கஸ். இரண்டு பேரழிவுகளுக்கு நடுவில் அமைதியாகச் சேறு படிந்த கொஞ்ச காலம், அதில் ஒரு தவளை. இந்த வீட்டுத் தரையைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தவளைதான் நினைவுக்கு வந்தது.

பெட்டியைத் திறந்தது

கிடைத்தவை: ஒரு விளையாட்டுப் பெட்டி, அதன் வாயில் செருகியபடியே ஒரு கேசட், இரண்டு ரிமோட்டுகள். (கேசட், ரிமோட் என்றே எழுதுகிறேன். நாமெல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.) மனீஷ் மார்க்கெட்டில் 1996 தீபாவளிக்கு வாங்கியது என்று வீட்டுக்காரர் நினைவு வைத்திருந்தார்.

அந்த வகைப் பெட்டி தெரியாத நடுத்தர வயதுக்காரர் மும்பையில் குறைவு. நின்டெண்டோ 1983 ஜூலை 15-ஆம் தேதி ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது. மூலப் பெட்டியில் கணக்குப் போடும் சில்லு ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். நகலெடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, போர்டின் மேலேயே ஒட்டி, கறுப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடிவிட்டார்கள். போர்டுக்கு நெற்றிப் பொட்டு வைத்தது போல இருக்கும்.

நிழலில் ஒரு வாரம் உலரவைத்த பிறகு திருகுகளைக் கழற்றினேன். இரும்புத் திருகுகள் நான்கில் மூன்று துருவாகி உதிர்ந்தன. மேல்மூடியைத் தூக்கியதும் உள்ளே பெட்டியைக் காணவில்லை. பெட்டியின் வடிவத்தில் ஒரு சேற்றுக் கட்டி உட்கார்ந்திருந்தது. நுண்ணிய சேறு ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து இறுகிவிட்டது. முழுசாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் உட்புறத்து வரிகள், திருகுக் குழிகள், அச்சு எண் எல்லாம் எதிர்ப்பதிவாக மண்ணில் இருந்தன. அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் கடல் நத்தைக் கற்களில் பல இப்படித்தான் உண்டானவை. ஓடு கரைந்து போயிருக்கும். ஓட்டுக்குள் நிரம்பிய மண் கல்லாகி, உள்வடிவத்தை வைத்திருக்கும். அந்தச் சேற்றுக் கட்டியைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி.க்குச் சிக்னல் அனுப்பும் தகரப் பெட்டி துருவாகவே போய்விட்டது. மின்தேக்கிகள் வீங்கி, அடியில் கசிந்து, போர்டை அரித்திருந்தன. போர்டு மலிவான பழுப்பு வகை, பிசினில் தோய்த்த காகிதம். ஈரத்தில் ஊறி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. செம்பு ட்ராக்குகள் சாக்கடை வாயு பட்டுக் கறுத்திருந்தன. வெளிக்கூடு மட்டும் கழுவியதும் நேற்று வாங்கியது போல வந்தது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பெரும்பாலும் வெயில் பட்டுத்தான் மஞ்சளாகும். மூடியில் மட்டும், புதைவதற்கு முன் பட்ட வெயிலில், பாதி மஞ்சள், பாதி சாம்பல். ஜன்னலோரம் இருந்த பக்கம் எது என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். பழைய ரெகுலேட்டரை விலக்கிவிட்டு, மேசைப் பவர் சப்ளையிலிருந்து நேராக 5 வோல்ட், மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு வைத்து. ஒன்றும் இல்லை. கறுப்புப் பொட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. பெட்டி இறந்துவிட்டது.

கேசட்டின் உயிர்

இனி கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் படமெல்லாம் கரைந்து, 9999999 என்ற எண் மட்டும் மங்கலாக நின்றது. இது எனக்கு மிக முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நினைவகங்களில் இரண்டு சாதி. ஒன்றில் செய்தி மின்னூட்டமாகத் தங்கும். 1971-இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய, புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய சில்லு அந்த வகை. காப்புப் படலத்துக்கு நடுவில் ஒரு சிறு தீவு; அதில் எலக்ட்ரான்களை அடைத்துவைத்தால் அதுதான் செய்தி. தீவிலிருந்து மின்னூட்டம் மிக மெல்லக் கசியும். பல பத்தாண்டுகளில் செய்தி போய்விடும். இன்றைய பென் டிரைவும் போனும் இந்தச் சாதிதான். ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் கேசட்டுகளில் பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். அது இன்னும் சீக்கிரம். பதினைந்து, இருபது வருடத்தில் பேட்டரி செத்தால் சேமித்ததும் சாகும்.

மற்றொன்று தொழிற்சாலையிலேயே சில்லின் உடம்பில் பதிக்கப்படுவது. ஒவ்வொரு புள்ளியிலும் இணைப்பு இருக்கிறதா இல்லையா, அதுதான் செய்தி. கசிய எதுவும் இல்லை, கல்வெட்டு மாதிரி. அந்தக் கால ஆட்டக் கேசட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. பாலூட்டிகளின் பழைய வரலாற்றில் பல இனங்களைப் பற்றி நமக்குக் கிடைத்தது ஒரு பல் மட்டும்தான். உடம்பில் மிகக் கடினமானது பல்லின் எனாமல். எலும்பு போனாலும் அது தங்கும். வீடியோ கேமுக்குப் பல் எது என்று கேட்டால், இந்தச் சில்லைத்தான் காட்டுவேன்.

பல் தங்கினாலும் ஈறு அழுகியிருந்தது. 60 முனைகளில் பாதி பச்சைக் களிம்பு, பாதி கருப்பு. பிள்ளைகள் கேசட்டை ஊதி ஊதிப் போட்டதும் இதற்கு ஒரு காரணம். மூச்சில் ஈரம் உண்டு. (நானும் ஊதியவன்தான். ஊதியபின் படம் வந்தது, கழற்றித் திரும்பச் செருகியதால்; ஊதியதால் அல்ல.) வினிகரில் பஞ்சு நனைத்துத் துடைத்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். மூன்று மாலை போனது. பிறகு, என் மேசையில் இதற்கென்றே வைத்திருக்கும் நல்ல பெட்டியில் செருகினேன்.

இசை வந்தது. அந்தக் கீச்சுக் குரல் இசை, பிசகில்லாமல். படம் மட்டும் குழப்பம்: எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் துண்டு துண்டாகப் புல், மேகம், பாதி முகம்.

அதைப் பார்த்துச் சோர்வு வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இந்தக் கேசட்டுகளில் ஆட்டத்தின் கட்டளைகள் ஒரு நினைவகத்தில், படத்துக்கான எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்கள் வேறொரு நினைவகத்தில். இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. இசை சரியாக இருந்தால் கட்டளைப் பக்கம் உயிரோடு இருக்கிறது. சதுரங்கள் இடம் மாறி வந்தால் படப் பக்கத்தில், எந்தச் சதுரம் வேண்டும் என்று சொல்லும் முகவரிக் கம்பி ஒன்று அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது) வைத்துத் தேடியதில், களிம்பு தின்ற ட்ராக் ஒன்று அகப்பட்டது. தலைமுடிக் கனத்தில் எனாமல் கம்பி ஒன்றைச் சால்டர் செய்தேன். அடுத்த முறை ஆன் செய்ததும் ஆட்டங்களின் பட்டியல் திரையில் சுத்தமாக நின்றது. இருபது வருடம் சேற்றில் கிடந்த கேசட்!

எண் பல லட்சம் சொன்னாலும் வேறு வேறு ஆட்டங்கள் 34 தான் இருந்தன. மற்றவை அதே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை. மரியோ இருந்தது. நாமெல்லாம் "டாங்க்" என்று சொன்ன, நாம்கோ நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டு பேட்டில் சிட்டி இருந்தது.

வருங்காலத்தில் தோண்டுபவரிடம் டி.வி. இருக்காதே, பிறகு எப்படிப் படிப்பார் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. ஃபேமிகாமின் மூளைக்கு அடிப்படையான 6502 சில்லு 1975-இல் வந்தது. சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். விஷுவல் 6502 என்ற முயற்சியில் சிலர் அதன் உறையை நீக்கி, நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு கம்பியையும் கோடு போட்டு, அந்தப் படத்திலிருந்தே சில்லைக் கணினிக்குள் மறுபடி ஓடவைத்தார்கள். மூலத்தை வரைந்தவர்களின் தாள்கள் இல்லாமல், பொருளைப் பார்த்தே. பல்லைப் பார்த்து விலங்கு என்ன தின்றது என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

எது புதைகிறது, எது அரைபடுகிறது

வீடியோ கேம்களைத் தோண்டி எடுத்த கதை உலகத்தில் முன்பே உண்டு. 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம், விற்காத கேசட்டுகளை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றியது. வெறும் வதந்தி என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014 ஏப்ரல் 26-ஆம் தேதி தோண்டினார்கள். ஆண்ட்ரூ ரைன்ஹார்ட் என்ற தொல்லியலாளரின் குழுவும் கூட இருந்தது. 1,300-க்கும் மேற்பட்ட கேசட்டுகள் வெளியே வந்தன. அதில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 2014-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் யான் ஸலசியேவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் மனிதர் செய்த பொருள்கள் பாறையில் தங்கப்போவதைப் பற்றி எழுதினார்கள். அவற்றுக்குத் தொழில்நுட்பப் புதைபடிவம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். மனிதர் காலம் என்று தனிப் புவியியல் காலத்தை அறிவிக்கும் முன்மொழிவு 2024 மார்ச்சில் தோற்றது. பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பொருள்கள் மண்ணுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

எந்த மண்ணுக்கு என்பதுதான் என் கவலை. இந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பதின்மூன்றாம் காம்பவுண்டு, தாராவியின் மறுசுழற்சிப் பகுதி. அங்கே பிளாஸ்டிக்கை உடைத்துப் பார்த்து, நுனியைக் கொளுத்தி முகர்ந்து, எந்த வகை என்று ஒரு நொடியில் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஏ.பி.எஸ். என்றால் நல்ல விலை. அரைத்து, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, உருக்கி, மணியாக்கி விற்பார்கள். போர்டில் செம்பு போகும், பொன் முலாம் போகும். பிக்சர் ட்யூப்பின் பின்னால் உள்ள செம்புச் சுருளும் தப்பாது. நம் ஊர்களில் விற்ற நகல் பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் முடிந்தன. இன்று யார் வீட்டு வாளியாகவோ நாற்காலியாகவோ இருக்கும்.

நான் அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை. வீணாக்காத கைகள் அவை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். மீதம் வைக்காமல் பயன்படுத்திய ஊர், மண்ணில் தடம் வைக்காத ஊராகிறது. வேண்டாமென்று மொத்தமாகப் புதைத்த ஊரின் பதிவு மட்டும் கெட்டியாகத் தங்குகிறது. வருங்காலத்தில் தோண்டுபவர், வீடியோ கேம் ஆடியவர்கள் நியூ மெக்சிகோ பாலைவனத்துக்காரர்கள் மட்டும்தான் என்று முடிவு கட்டினால் அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. தாராவியில் ஒரு பெட்டி தங்கியதற்கு ஒரு வெள்ளமும், சேற்றை அள்ள முடியாத ஒரு குடும்பத்தின் களைப்பும் தேவைப்பட்டன.

இரண்டு ரிமோட்டுகள்

புதைபடிவங்களில் உடம்பு ஒரு வகை, தடம் இன்னொரு வகை. காலடி, வளை, ஊர்ந்த கோடு. உடம்பு அது எப்படி இருந்தது என்று சொல்லும். தடம் அது என்ன செய்தது என்று சொல்லும். இந்தக் கண்டெடுப்பில் தடம் முழுவதும் ரிமோட்டில்தான் இருந்தது.

பொத்தானுக்கு அடியில் கார்பன் தடவிய ரப்பர் குமிழ் உண்டு. அழுத்தினால் போர்டில் பட்டு இணைப்புக் கொடுக்கும். ஆட ஆடக் கார்பன் தேயும். மல்டிமீட்டரை வைத்தால் எந்தப் பொத்தான் எவ்வளவு உழைத்தது என்று தெரிந்துவிடும்.

முதல் ரிமோட்டில் வலது அம்பு ஏறக்குறைய மொட்டை. இடது அம்பு பாதி உழைப்புக்கூட இல்லை. மேல் அம்பு புதிது. இது மரியோ ஆடிய கை. அந்த ஆட்டத்தில் திரை வலப்பக்கம் மட்டுமே நகரும், விட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. ஏ, பி பொத்தான்களின் மேற்பரப்பில் கட்டைவிரல் அளவுக்குப் பளபளப்பான குழி. பின்பக்கம் உள்ளங்கை பட்டு வழவழத்திருந்தது. இதில் புதிர் எதுவும் இல்லை.

இரண்டாவது ரிமோட்தான் என்னைப் பல நாள் உட்காரவைத்தது. "அத யாரும் அதிகமாத் தொட்டதில்ல அண்ணே," என்றார் வீட்டுக்காரர். "நான்தான் ஆடுவேன். எப்பவாவது பக்கத்து வீட்டுப் பையன் வருவான். அக்காவுக்கு இதுல இஷ்டமே கிடையாது." ஆனால் குமிழ்கள் வேறு சொன்னன. நான்கு அம்புகளும் நன்றாகத் தேய்ந்திருந்தன, நான்கும் சமமாக. எப்பவாவது வந்தவன் ஆடிய ஆட்டமல்ல அது. நான்கு திசையும் ஒரே அளவு வேண்டிய ஆட்டம் அந்தப் பட்டியலில் டாங்க்தான். முதலாமவர் மஞ்சள், இரண்டாமவர் பச்சை. இருவரும் சேர்ந்து திரையின் அடியில் நடுவிலுள்ள கழுகைக் காக்க வேண்டும், 35 கட்டங்கள்.

மூன்று விஷயங்கள் பிடிபடவில்லை. ஒன்று, ஏ, பி பொத்தான்களில் விரல் குழி இல்லை. இரண்டு பொத்தான்களும் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரே பட்டையாகத் தேய்ந்திருந்தன. இரண்டு, பின்பக்கம் உள்ளங்கை வழவழப்பு இல்லை, பூராவும் கீறல். மூன்று, கம்பி வெளியே வரும் மேல் விளிம்பில் பச்சை நிறத்தில் ஒரு தீற்றல்.

பட்டையைச் சேறு உரசியது என்று முதலில் எழுதினேன். சேறு உரசினால் மேடான இடமெல்லாம் உரச வேண்டும். அந்த இடம் மட்டும் ஏன்? அடித்துவிட்டு, "கைப்பழக்கம் இல்லாத சிறு குழந்தை, முஷ்டியால் தட்டியது" என்று எழுதினேன். அம்புகளை அவ்வளவு நுணுக்கமாக ஓட்டிய கை, பொத்தானை மட்டும் முஷ்டியால் தட்டுமா? அதுவும் நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் அப்படியே விட்டுவைத்தேன். பச்சைத் தீற்றலைக் களிம்பு என்று குறித்திருந்தேன். அது சோம்பல். அந்த இடத்தில் செம்பே கிடையாது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்குத் தெரியும், களிம்பு புளிப்புக்குக் கரையும். வினிகர் வைத்துப் பார்த்தேன். தீற்றல் அசையவில்லை.

படங்களை எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். அன்றிரவு அம்பர்நாத்திலிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டார். எனக்கு அறிமுகம் இல்லாதவர்.

"அண்ணே, அந்த ரெண்டாவது ரிமோட்டு என்னுது."

"சொல்லும்மா."

"அப்போ கடைக்குட்டிக்கு ஒரு வயசு. அம்மா வேலைக்குப் போயிருவாங்க. அவன் என் மடியிலதான் இருப்பான், இறக்கிவிட்டா அழுவான். வலது கையில அவனப் பிடிச்சிக்குவேன். ரிமோட்டத் தரையில வச்சி இடது கையால ஓட்டுவேன். சுடுறதுக்குக் கால் கட்டைவிரலு. டாங்க்ல ஏ அமுக்குனாலும் சுடும், பி அமுக்குனாலும் சுடும், அதனால கால் போதும். மரியோ எனக்கு வராது, அதுல ரெண்டும் தனித்தனியா வேணுமே. பெரியவன் வேணும்னே என்னச் சுடுவான், நான் அசைய முடியாம நின்னுருவேன். கழுகக் காப்பாத்துனது முக்காவாசி நான்தான். அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது."

ஷாஹாபாத் கல்லில் ரிமோட் வழுக்கிக்கொண்டு போகாதா என்று கேட்டேன். அன்று மாலைதான் நான் அதே வகை ரிமோட் ஒன்றைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திப் பார்த்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் அது சுவரோரம் போய்விட்டது.

"கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருப்பேன். இரும்புக் கட்டிலு, பச்சப் பெயிண்டு. இன்னும் மேல் மாடியிலதான் கெடக்கு, அம்மா அதுலதான் படுக்கறாங்க. ஆனா இப்ப நீலம்."

ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா எழுந்து இடம் விட்டார். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். வலது முன்காலில், தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், நீலப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பள்ளம் கைக்குத் தட்டுப்பட்டது. ரிமோட்டின் மேல் விளிம்பை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. அம்மாவிடம் அனுமதி கேட்டு, பள்ளத்தின் ஓரத்தில் பிளேடு நுனியால் நீலத்தைக் கொஞ்சம் சுரண்டினேன். அடியில் வெள்ளை ஒரு பூச்சு. அதற்கும் அடியில் பச்சை.